நெம்பராலாவில் நிலம் வாங்கி வாழ முடியுமா?

கேள்வி இதுதான்: "பாலி கூட்டமாகிவிட்டது. இந்தோனேசியாவின் தென்கோடியில் ரோட்டே தீவில் நெம்பராலா என்ற கிராமம் அமைதியாகவும் மலிவாகவும் இருக்கிறதாம். கடலைப் பார்த்த மாதிரி கொஞ்சம் நிலம் வாங்கி, நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டு, வருடத்தில் பாதி நாள் அங்கேயே இருக்க முடியுமா? என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்."

இருக்கலாம். நிலம் வாங்க முடியாது. நாலு அறை கட்டி வாடகைக்கு விடுவது அதைவிடக் கஷ்டம். கடற்பாசிக் கொள்முதல் வேலையாகப் பக்கத்துத் திமோர் தீவின் குப்பாங் நகரில் இருந்தபோது ரோட்டேவுக்கு அடிக்கடி போய்வந்தவன் நான். நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவித்த வெளிநாட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரோட்டே மேற்குத் திமோருக்குத் தென்மேற்கே, புக்குவாஃபு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கிழக்கு நூசா தெங்காரா மாகாணம். 2002-ல் குப்பாங் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2020 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தலைநகர் பாஆ, நம்மூர் அளவுக்குச் சொன்னால் ஒரு சிறிய தாலுகா ஊர். நெம்பராலா மேற்குக் கரையில், பழைய தெல்ஹா ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. வெளியுலகத்துக்கு அது தெரியவந்தது பவளப்பாறைத் திட்டுக்கு வெளியே இடதுபக்கமாக உருளும் ஓர் அலையால்தான். அலைச்சறுக்கு ஆட்கள் மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை வருகிறார்கள். மற்ற மாதங்களில் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அங்கே போய் இறங்கும் தமிழருக்கு முதலில் கண்ணில் படுவது பனைதான். வேறு ஏதோ ஜாதி இல்லை, நம்முடைய அதே பனை, போராசஸ் ஃபிளாபெல்லிஃபர். அங்கே லொந்தார் என்பார்கள். வறண்ட மாதங்களில் காலையும் மாலையும் மரம் ஏறி, பாளை சீவி, பனையோலையில் முடைந்த ஹாய்க் என்ற வாளியில் சாறு இறக்குகிறார்கள். நாம் கருப்பட்டியாகக் காய்ச்சுகிறோம். அவர்கள் அதோடு சேர்த்துப் பாகாகவும் காய்ச்சி ஜாடியில் அடைத்து வைத்துக்கொள்கிறார்கள். வேண்டும்போது தண்ணீர் கலந்து குடித்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. பன்றிக்கும் அதே பாகு. மழை ஏமாற்றி சோளமும் நெல்லும் பொய்த்த வருடங்களில் பக்கத்துத் தீவுகளில் பசி வந்தபோதும் ரோட்டே தாக்குப்பிடித்ததற்கு இந்த மரம்தான் காரணம் என்று மானிடவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். முன்பக்கம் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் தீஇ லாங்கா தொப்பி, சசாண்டோ என்ற மூங்கில் நரம்பு வாத்தியத்தின் ஒலிக்கூடு, கூரை, வேலி எல்லாம் இந்தப் பனையிலிருந்துதான். சாறை வடித்து சோப்பி என்ற சாராயமும் செய்வார்கள். மரியாதைக்கு ஒரு வாய் குடியுங்கள், இரண்டாவது வாய் உங்கள் பொறுப்பு.

இன்னொரு வருமானம் கடற்பாசி. நம் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வளர்க்கும் அதே கப்பாஃபைக்கஸ். நீர் வற்றும் நேரத்தில் நெம்பராலா கரையில் நின்றால் பாறைத் திட்டுவரைக்கும் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். அதில் வரிசையாக முளைக்குச்சிகள், குச்சிக்குக் குச்சி கயிறு, கயிற்றில் சாண் இடைவெளியில் கட்டிய பாசிக் கொத்துகள். வேலையில் பாதிக்கு மேல் பெண்கள். கரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து, கைப்பிடி அளவு கொத்தைக் கிள்ளி எடுத்து, கயிற்றில் உள்ள சின்ன முடிச்சில் ஒரே சுண்டில் மாட்டிவிடுவார்கள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. சுமார் நாற்பத்தைந்து நாளில் அறுவடை, பிறகு வெயிலில் காயப்போட்டு மூட்டை. விலைதான் யார் கையிலும் இல்லை. 2022-ல் காய்ந்த பாசி கிலோ 30,000 ரூபியாவுக்கு மேல் போனது. அடுத்த வருடமே பாதிக்கும் கீழே விழுந்தது. தண்ணீர் சூடானால் பாசி வெளுத்து உதிரும் நோய் வேறு உண்டு.

2009 ஆகஸ்டில் திமோர்க் கடலில் ஆஸ்திரேலியப் பகுதியில் இருந்த மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் கசிந்தது. ரோட்டே, குப்பாங் கரையோரப் பாசி செத்துப்போனது. ரோட்டேவைச் சேர்ந்த ஒரு கடற்பாசி விவசாயி, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சார்பாக ஆஸ்திரேலிய நீதிமன்றத்துக்குப் போய், 2021-ல் தீர்ப்பு வாங்கினார். 2022-ல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஆனது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கிராமத்து ஜனங்கள், பணத்தைக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்" என்ற நினைப்போடு போகிறவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே டச்சுக் கம்பெனியிடம் மலாய் மொழிப் பள்ளிக்கூடம் கேட்டு வாங்கிய தீவு அது. இந்தோனேசியாவின் முதல் கதிரியக்க மருத்துவ முன்னோடி வில்ஹெல்முஸ் ஜோஹானஸும், கஜா மாதா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹெர்மன் ஜோஹானஸும் ரோட்டேயில் பிறந்தவர்கள். வழக்காடுவதில் அந்தத் தீவுக்காரர்களுக்குத் தனிப் பெயர் உண்டு.

சரி, நிலத்துக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1960-ம் வருடத்து 5-ஆம் எண் நிலச் சட்டம். ஹாக் மிலிக் எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். இதில் விதிவிலக்கு தேடிப் பயனில்லை. வெளிநாட்டவருக்கு வாரிசு முறையில் வந்தால்கூட ஒரு வருடத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும்.

அங்கே தரகர்கள் முதலில் நீட்டுவது பினாமி வழி. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் கிரயம். கூடவே, அவர் உங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு பத்திரம், திரும்பப் பெற முடியாத அதிகாரப் பத்திரம், நீண்ட குத்தகை ஒன்று. கட்டாகப் பார்த்தால் பலமாகத்தான் தெரியும். ஆனால் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவருக்கு முழு உரிமை போகும்படி செய்த எந்தக் கிரயமும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்று சொல்கிறது. பினாமியாக நின்றவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தபிறகு அவருடைய பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உங்களால் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. போனால் நீங்களே செய்த தவற்றை நீங்களே பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

முறையான வழிகளில் ஒன்று ஹாக் பக்காய், அதாவது பயன்பாட்டு உரிமை. வசிப்பு அனுமதி உள்ள வெளிநாட்டவர் வீட்டுக்காக இதை வாங்கலாம். 2021-ம் வருடத்து 18-ஆம் எண் அரசாணைப்படி 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டர் வரை, அதற்கும் மாகாணத்துக்கு மாகாணம் குறைந்தபட்ச விலை வரம்பு உண்டு (பாலியில் அது 500 கோடி ரூபியா, ரூபியா, நம் ரூபாய் அல்ல). அது குடியிருக்கும் வீட்டுக்கானது, விடுதிக்கானது அல்ல.

விடுதி என்றால் வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில் கட்டட உரிமை வாங்க வேண்டும். அந்தக் கம்பெனியைச் சட்டம் பெருநிறுவனமாகத்தான் கணக்கில் வைக்கிறது. பொதுவாக நிலமும் கட்டடமும் போக ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், இந்தியப் பணத்தில் ஐந்து கோடி ரூபாய்க்குக் குறையாது. நாலு அறை விடுதிக் கனவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு சாவி கொடுப்பதும் வாடகை வாங்குவதும் வேலை செய்ததாகக் கணக்காகும். பிடித்தால் நாடு கடத்துவார்கள்.

ஆக, உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது குத்தகை ஒன்றுதான். வசிப்பு அனுமதியோடு, ஒரு வீட்டையோ வீடு கட்ட ஒரு மனையையோ குறிப்பிட்ட வருடங்களுக்கு எடுத்து, நோட்டரி முன்னால் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. 25, 30 வருடக் குத்தகை அங்கே சகஜம். ஆனால் எடுத்த எடுப்பில் அவ்வளவு நீளம் வேண்டாம். கட்டிய வீடு கடைசியில் யாருக்கு, இடையில் நிலத்துக்காரர் இறந்தால் வாரிசுகள் கட்டுப்படுவார்களா, நீங்கள் இன்னொருவருக்குக் கைமாற்றலாமா என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியிலும் ஒரு பிரதி கேளுங்கள்.

இந்தோனேசியரைத் திருமணம் செய்தவர்களுக்கு ஒரு குறிப்பு: சொத்தைத் தனியாகப் பிரிக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால், கணவனோ மனைவியோ இந்தோனேசியராக இருந்தும் அவராலேயே முழு உரிமை வைத்துக்கொள்ள முடியாமல் போகும். 2016-ல் வந்த அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு அப்புறமும் எழுதிக்கொள்ளலாம்.

தாள் விஷயம் இவ்வளவுதான். ஊர் விஷயம் வேறு. பழைய ரோட்டே பதினெட்டு, பத்தொன்பது நூசாக் என்ற சிற்றரசுகளாக இருந்தது. ஒவ்வொன்றிலும் லெயோ எனப்படும் குலங்கள். இன்றைக்கும் எந்த நிலம் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்பது பெரியவர்களுக்கு மனப்பாடம். அரசு எல்லாருக்கும் பட்டா கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபிறகும் பத்திரம் இல்லாத மனைகள் இருக்கின்றன. சிலர் நிலவரி ரசீதைக் காட்டி அதுதான் பத்திரம் என்பார்கள். நம்மூரில் வீட்டு வரி ரசீது எப்படியோ அப்படித்தான் அதுவும். வரி கட்டியதற்குச் சாட்சி, உரிமைக்குச் சாட்சி அல்ல.

ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் குத்தகைக்கு மனை அளந்த அன்று கூடவே நின்றேன். கிராமத் தலைவர் வந்திருந்தார். ஊரில் அவரை பாப்பா தேசா என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்தார்கள். எல்லை என்பது ஒரு பக்கம் பவளக்கல் அடுக்கிய சுவர், மறுபக்கம் வெட்டுத்தழும்பு உள்ள ஒரு பனை. டேப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போது வெற்றிலைப் பையோடு ஒரு கிழவி வந்து உட்கார்ந்தார், நிலத்துக்காரருடைய அத்தை. "அந்தப் பனைவரைக்கும் உன் அப்பனுடையது. அந்தப் பனை என்னுடையது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அளவு முடியவில்லை. பிறகு பேசி முடித்தபோது, அந்த மரத்தில் சாறு இறக்கும் உரிமை அத்தை வீட்டாருக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் வேலி போட்டிருந்தால், மறுவருடம் சீவுகிறவர் வேலியைத் தாண்டித்தான் வந்திருப்பார், ஊரும் அவர் பக்கம்தான் நின்றிருக்கும்.

ஆகவே நிலத்தைப் பார்க்கும்போது மரத்தையும், கிணற்றையும், கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையையும் பற்றிக் கேளுங்கள். பாசி காயப்போட அந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். வாரிசுகள் எத்தனை பேர், குப்பாங்கிலும் ஜாவாவிலும் வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு, எல்லாருடைய கையெழுத்தும் வாங்குங்கள். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே மாடும் எருமையும் குதிரையும் அவிழ்த்துவிட்டு மேய்பவை. பயிரைக் காக்க வேலி போடுவது உங்கள் வேலை. மாட்டைக் கட்டுவது மாட்டுக்காரர் வேலை என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கடலைப் பார்த்த மாதிரி வேண்டும் என்கிறீர்கள். 2016-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, உச்ச நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் குறைந்தது 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்புப் பகுதி. அதற்குள் கட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான், அதை நம்பி நீங்களும் கட்டாதீர்கள். சட்டத்தை விடுங்கள், 2021 ஏப்ரலில் செரோஜா புயல் குப்பாங்கையும் ரோட்டேவையும் பக்கத்துச் சபு தீவையும் அடித்தபோது கரையோரக் கூரைகள் என்ன ஆயின என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

தண்ணீர்தான் அங்கே நிலத்தைவிடப் பெரிய பிரச்சினை. ரோட்டேவின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புக்கல். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, மற்றபடி ஏழெட்டு மாதம் காய்ச்சல் வெயில். கரையோரக் கிணற்றில் ஆடியிலிருந்து ஐப்பசிவரை உப்புக் கரிக்கும். மனை பார்ப்பதானால் அக்டோபரில் போய், கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். ஏப்ரலில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். குடிக்க கேன் தண்ணீர், புழங்க லாரித் தண்ணீர் என்று செலவுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் உண்டு, முன்பணம் கட்டி எண் தட்டும் மீட்டர், அவ்வப்போது போய்வரும். சிக்னலுக்கு டெல்கோம்செல் சிம்தான் நம்பிக்கை. வெளிநாட்டில் வாங்கிய போனில் உள்ளூர் சிம் போட்டால், சுற்றுலாப் பயணிக்கு 90 நாள்வரைதான் ஓடும். அதற்கு மேல் இருக்கப்போனால் விமான நிலையச் சுங்கத்திலேயே போனைப் பதிவுசெய்துவிடுவது நல்லது. ஏடிஎம்முக்கு பாஆவை நம்பியிருக்க வேண்டும், அதனால் ரொக்கம் கையில் வேண்டும்.

போகும் வழி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலி, அங்கிருந்து குப்பாங். குப்பாங்கின் தேனாவ் துறையிலிருந்து வேகப்படகு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாஆ. போலோக் துறையிலிருந்து வண்டி ஏற்றும் பெரிய படகு, பந்தாய் பாருவுக்கு நான்கு மணி நேரம்போல. மெதுவானாலும் சிமெண்டும் கட்டிலும் அதில்தான் வரும். சிறிய விமானம் அரை மணிக்குள் கொண்டுபோய்விடும். பாஆவிலிருந்து நெம்பராலாவுக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இதெல்லாம் நல்ல பருவத்துக் கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் மேற்குக் காற்று கிளம்பினால் புக்குவாஃபு நீரிணை கொந்தளிக்கும், துறைமுக அதிகாரி படகை நிறுத்திவிடுவார். நாள் கணக்கில் நிற்கும்; கடையில் காய்கறி தீரும், பெட்ரோலுக்கு வரிசை நிற்கும். திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் குப்பாங் வந்துசேரும் நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள்.

உடம்பு விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், பாஆவில் மாவட்ட மருத்துவமனை, அதற்கு மேல் குப்பாங். மாரடைப்புக்கும் பெரிய விபத்துக்கும் இது போதாது. இதய நோயோ டயாலிசிஸ் தேவையோ இருந்தால் இந்தத் திட்டமே வேண்டாம் என்பேன். 2023-ல் திமோரில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தடுப்பூசி போட்டுக்கொண்டு போங்கள். பவளம் கீறிய காயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், சீழ் பிடிக்கும்.

ஊர் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில். அன்றைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் வரமாட்டார், வந்தாலும் ஊர் உங்களைத்தான் பேசும். கல்யாணம், சாவு என்றால் பன்றியோ எருமையோ வெட்டும் விருந்து. உங்களுக்கு அழைப்பு வரும், சீனி, அரிசி, ஒரு கவர் என்று கொண்டுபோக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். புரியாவிட்டாலும் சோறும் முருங்கைக்கீரையும் வைப்பார்கள். முருங்கை அங்கே வேலிக்கு வேலி இருக்கிறது.

ரோட்டேவுக்கே உரிய பாம்புக்கழுத்து ஆமையை யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். செல்லப்பிராணி வியாபாரத்தில் அது ஏறக்குறைய அழிந்தேவிட்டது, வாங்குவது குற்றம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் தடவை அக்டோபரில் போய்க் கிணறுகளைப் பார்ப்பேன். அடுத்து ஜனவரியில் போய், உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் மாத வாடகைக்கு இருப்பேன். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கிடைக்கும் விசா 5 லட்சம் ரூபியா, 30 நாள். இன்னொரு 30 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். நீட்டிப்புக்குக் குப்பாங் குடிவரவு அலுவலகம் போக வேண்டியிருக்கும், படகு ஓடுமா என்று பார்த்துக் கிளம்புங்கள். காலாவதியானால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். இரண்டு பருவமும் இருந்து பார்த்து, அதற்கப்புறமும் ஆசை இருந்தால் வசிப்பு அனுமதியை முடித்துக்கொண்டு, ஏற்கெனவே கட்டியிருக்கும் ஒரு வீட்டை ஐந்து வருடக் குத்தகைக்குப் பேசுங்கள். விருந்தினர் வாடகைத் தொழிலை வீட்டுக்காரக் குடும்பம் தங்கள் பெயரிலேயே நடத்தட்டும். ஜனவரியில் அலைக்காரர்கள் போய்விட்டிருப்பார்கள், விடுதிகளில் பாதி பூட்டியிருக்கும், அதனால் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று டிசம்பரிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.